அக்கா டாக்டரிடம் சொல்லாத கடை மாத்திரை

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. சாமி கும்பிட வந்து, அக்கா நினைவாக அச்சடித்த இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், உப்பளத்தில் அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் தம்பியின் வணக்கம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எதையாவது தப்பாக எழுதி யாரையாவது வருத்தப்படுத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அக்கா இருந்திருந்தால், "எழுதுல, பாத்துக்கிடலாம்" என்றிருப்பார்.

அக்கா ஏரல் பக்கம் ஆற்றங்கரை ஊரில், வயல்வேலை செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா நடவுக்குப் போகிற நாட்களில் எனக்குச் சோறு ஊட்டியவர் அக்காதான். அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்தார். அத்தானுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. இடுப்பில் அடிபட்டு அவர் வீட்டோடு இருக்க நேர்ந்தபோது, அக்கா உப்பளத்தில் இறங்கினார். இருபது வருஷத்துக்கு மேல் பாத்தியில் நின்று உப்பு வாரி, தலைச்சுமையாக வரப்பில் கொண்டுபோய்க் கொட்டினார். பெண்மக்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களிலும் வீடு தேடி வந்த யாரையும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை.

அந்த வேலையில் முழங்காலும் இடுப்பும் உளையாதவர் யாரும் இல்லை. அதற்கு எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மருந்துக்கடையில் "மேல்வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டால், மூன்று நாலு நிறத்தில் மாத்திரைகளைச் சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். பேர் இருக்காது, சீட்டும் கேட்கமாட்டார்கள். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியை ஓரம் கட்டி, "அண்ணாச்சி, ஆறு செட்டு" என்று அக்காவுக்கும் மற்றப் பெண்களுக்கும் சேர்த்து வாங்கிப் போவேன். வண்டியைக் கண்டதும் பாத்திக்குள் இருந்தே, "ஏளா, டாக்டர் வாராரு, எல்லாரும் எந்திச்சி நில்லுங்க" என்று கேலி பண்ணுவார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அக்காவுக்குப் பிரஷர் வந்தது. ஆசுபத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். வாசலிலேயே அக்கா சொல்லிவிட்டார்.

"ஏல, செட்டு போடுறத அங்கன உளறிராத. ஏசுவாவ."

உள்ளே டாக்டரம்மா, "வேற ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டார். அக்கா, "ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அன்று காலையில் செட்டு வாங்கிக் கொடுத்தவன் நான். ஏசுவார்களோ, அக்கா கோபப்படுவாரோ, யார் வாங்கிக் கொடுத்தது என்று என்னையே கேட்பார்களோ என்று பயந்தேன். இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஒரு வருஷம் கழித்துக் கால் இரண்டும் வீங்கின. இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இந்தத் தடவை வேறு மாதிரி கேட்டார். "உப்பளத்துல வேலை பாக்கிறீங்க. மேல்வலிக்கு என்ன பண்ணுவீங்க?"

அக்கா யோசிக்கவே இல்லை. "செட்டு போடுவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "போன வருஷம் கேட்டப்ப இல்லைன்னு சொன்னீங்களே?"

"அது கடையில வாங்குறதுல்லா டாக்டர். ஆசுபத்திரி மருந்துல அதப் போய்ச் சேர்ப்பாவளா? ஏசுவியளோன்னு பயமும்தான்."

டாக்டரம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வலி மாத்திரைகளில் சில சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷர் இருக்கிறவர்கள் கேட்காமல் போடவே கூடாது, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்கிறவர்களுக்கு இன்னும் ஆபத்து என்று நிதானமாகச் சொன்னார். அக்காவுக்குச் சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டிருந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "அதை யாராலயும் உறுதியா சொல்ல முடியாது" என்றார். எந்த வலி மாத்திரை போடலாம், ஒரு நாளைக்கு எத்தனைக்கு மேல் கூடாது, எதைத் தொடவே கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அக்கா பயந்து மூலையில் உட்காரவில்லை. உப்பளத்துப் பெண்களைத் தானே ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார். வீட்டில் கிடக்கிற மாத்திரை, பாதி கிழிந்த அட்டை, பேர் தெரியாத கவர் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளி வரச் சொல்வார். டாக்டர் அறை வாசலில் ஒரு பெண் பையைச் சேலைக்குள் மறைத்தபோது, வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏளா, டாக்டர் என்ன உன் மாமியாரா, ஒளிச்சி வைக்க? மேசையில கொட்டு. இந்த வலிக்கு எது போடலாம், எத்தன நாளைக்கு, பிரஷர் மாத்திரையோட சேருமா, எல்லாத்தையும் கேளு. புரியலைன்னா திரும்பக் கேளு" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கொட்டினார். அவர்களை வண்டியில் ஏற்றிப்போன நான் மட்டும் உள்ளே போகாமல் வாசலிலேயே நிற்பேன்.

போன வருஷம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு ஒடிந்துவிட்டது. நடுப்பகலில் பக்கத்தில் இருந்த வேறொரு ஆசுபத்திரிக்குத் தூக்கிப்போனோம். அங்கே அக்காவை யாருக்கும் தெரியாது. வலியில் அக்கா போட்ட சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. நர்சம்மா ஊசியோடு வந்தார்.

"சிஸ்டர், அது என்ன ஊசி?" என்றேன்.

"வலிக்குத்தான். டாக்டர் எழுதியிருக்காங்க. கொஞ்சம் வெளிய நில்லுங்க."

நான் வெளியே வந்துவிட்டேன். சட்டைப் பையில் இருந்த டாக்டரம்மாவின் தாளைத் தொட்டுப் பார்த்தேன். ஊசியைத் தடுத்தால் அக்கா வலியில் துடிப்பார். தடுக்காமல் விட்டால் மீதிச் சிறுநீரகமும் போய்விடுமோ? ஒருவேளை எல்லாம் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்களோ? படித்தவர்களிடம் நான் என்ன பேசுவது? திரைக்கு அந்தப்பக்கம் இருந்து அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கேட்டது.

"ஏல... சொல்லுல."

திரையை விலக்கி உள்ளே போனேன். "சிஸ்டர், அக்காவுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு. சில வலி மருந்து ஆகாதுன்னு டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்காவ. பெரிய டாக்டர்ட்ட ஒரு தடவ கேட்டுட்டுப் போடுங்க, உங்களக் கும்பிடுதேன்" என்று ஒரே மூச்சில் சொல்லித் தாளை நீட்டினேன். நர்சம்மா தாளைப் படித்தார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். டாக்டர் வந்து இரத்தம் எடுக்கச் சொல்லி, வேறு மருந்து எழுதினார். "நல்ல வேளை சொன்னீங்க" என்றார். அந்த மருந்து வந்து சேர்வதற்குள் அக்கா பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு வலிக்கும் நான்தானே காரணம் என்று மருகினேன். அக்கா என் கையைப் பிடித்து, "இப்பதாம்ல நீ எனக்குத் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தார். பேத்தியின் பிறந்தநாளைப் பார்த்தார். கடைசியில் சிறுநீரகம் முழுவதும் நின்றுபோய், அத்தானும் மக்களும் பக்கத்தில் இருக்க, ஒரு காலை நேரத்தில் அடங்கினார்.

அக்காவுக்குப் பொறுமையாக விளக்கம் சொன்ன டாக்டரம்மாவுக்கும், ஒரு டிரைவரின் பேச்சை மதித்து ஊசியைக் கீழே வைத்த நர்சம்மாவுக்கும், முறை வைத்து வந்து துணைக்கு இருந்த உப்பளத்துச் சகோதரிகளுக்கும், நடக்க முடியாத நிலையிலும் அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த அத்தானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடை அண்ணாச்சியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கடையில் போய்க் கேட்டவன் நான்.

இதைப் படிக்கிற உங்களில் யாரோ ஒருவர் இன்று காலையில் செட்டு போட்டுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பயம் விடமாட்டேன் என்கிறது. டாக்டரிடம் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். வியாழக்கிழமை எனக்கு லோடு கிடையாது. வண்டியிலேயே ஏற்றிப் போகிறேன். டாக்டர் முன்னால் எனக்கு இன்னமும் பேச்சு தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் இனிமேல் வாசலில் நிற்கமாட்டேன், உங்களோடு உள்ளே வருவேன்.