மகளுக்காக நேர்ந்த மண்டையப்பம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருஷங்கள் பல போய்விட்டன. தாளை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய்விடுவேன். ஒன்றும் கருகியிருக்காது. இதில் எங்கள் பெண்கள் நோன்பு வருகிறது, ஆண்கள் கண்ணில் படும்படி அதை எழுதலாமா என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். உள்ள காரணம் வெட்கம்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பொறாமைக்குப் படிப்பு வேண்டியதில்லை, அது எனக்குத் தாராளமாகவே வந்தது.

பூதப்பாண்டிக்குப் பக்கம், வயல்களுக்கு நடுவில் எங்கள் ஊர். தேசத்துக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஓரகத்தியாக வந்தவளுக்குப் பதினெட்டு வயது. என் மகளுக்கு ஒன்பது. ஒரே வீடு, ஒரே அடுக்களை. பத்து நாள் ஆகவில்லை, என் மகள் "சித்தி, சித்தி" என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். மகளுக்குத் தலை பின்னிவிடும்போது என் கைக்கு அந்தச் சித்தியின் எண்ணெய் மணம்தான் வரும்.

அடுத்த தை மாதம் செவ்வாய் நோன்பு வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்களை, கைக்குழந்தையானாலும் ஆண்பிள்ளைகளை, வெளியே அனுப்பிவிட்டுத் தெருப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவோம். உப்பில்லாத பச்சரிசி மாவில் பல உருவமாகக் கொழுக்கட்டை பிடித்து அவித்து, படைத்து, கதை கேட்டு, நாங்களே தின்று தீர்ப்போம். ஆண்கள் அதைப் பார்க்கவும் கூடாது. கதையையும் பூசையையும் நான் எழுத மாட்டேன். என் மகள் பிடித்த இரண்டு உருவங்களை மட்டும் சொல்கிறேன். அம்மன் பொறுத்துக்கொள்வாள்.

அதுவரை மகள் என் பக்கத்தில்தான் இருப்பாள். அவள் பிடித்தது கோணினால் நான் வாங்கிப் பிசைந்து, "இப்படிட்டி" என்று சரியாகப் பிடித்து வைப்பேன். மாமியார் காட்டித் தந்த உருவம் ஒன்றையும் நான் மாற்றியதில்லை. என் கொழுக்கட்டை வெடிக்காது என்று தெருவில் எனக்குப் பெயர். அந்த வருஷம் மகள் சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாவைத் தட்டையாகத் தட்டி, தென்னை ஈர்க்கால் குத்திக்கொண்டே இருந்தாள்.

"மக்கா, இது என்னவாக்கும்?" என்று ஓரகத்தி கேட்டாள்.

"மழை."

"மழையா? ஓட்டைல்லா இருக்கு?"

"வானத்துல ஓட்டை இருந்தாத்தானே சித்தி மழை ஒழுவும்?"

ஓரகத்தி சிரிக்கவில்லை. அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "அப்போ வெயில் காலத்துல இதை ஆரு அடைப்பா?" என்றாள்.

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மிளகு மிளகாக மாவு உருட்டி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தாள். அது முடிந்ததும் சங்கு போலச் சுருட்டி, நுனியில் வால் மாதிரி இழுத்துவிட்டு ஒன்று செய்தாள். கேட்டதற்கு, "அப்பாவுக்க குறட்டை" என்றாள்.

நோன்பை முன்னின்று நடத்தும் மேலத்தெரு மதினி கையிலிருந்த மாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். என்னைப் பார்த்து, "ஏட்டி, உனக்க மாப்பிளைக்க குறட்டையை அவிக்கப் போறோம். இனியாவது நிம்மதியா உறங்குவியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயால் சிரித்தேன். நெற்றி நிறையத் திருநீறு, வயிறு நிறையத் தீ.

ஓரகத்தி மேல் மட்டும் இல்லை, மகள் மேலும்தான் எரிந்தது. பெற்ற தாய் இதை எப்படிச் சொல்ல? என் சிறு வயதில் என் கையில் இருந்ததைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. இவளுக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும்?

பிறகு நாலு வருஷம் அப்படியே போயிற்று. முற்றத்தில் நெல் காயும்போது காக்கை விரட்ட, தேங்காய்ச் சிரட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு, அதன் மறுமுனையை அடுக்களை ஜன்னலில் கட்டினாள் மகள். உள்ளே இருந்து இழுத்தால் வெளியே கடகடவென்று சத்தம் போடும். எனக்குத்தான் அது உதவி.

"சித்தி சொல்லித் தந்தாளாட்டி?"

"இல்லம்மா. இருந்த இடத்துல இருந்தே காக்காயை விரட்ட முடியுமான்னு சித்தி கேட்டா. அவ்வளவுதான்."

கயிற்றை அறுத்துப் போட்டேன். வழியில் கால் தட்டுகிறது என்று சொன்னேன்.

அந்த மாசியில் மண்டைக்காட்டுப் பகவதி கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனோம். தலைவலி, தலையில் உள்ள நோவு தீர அங்கே அம்மனுக்கு மண்டையப்பம் படைப்பது வழக்கம். மாவும் வெல்லமும் பயறும் சேர்த்து, தலை போல உருட்டி அவிப்பார்கள். என் மகளுக்கு ஒரு தலைவலியும் இல்லை. ஆனாலும் நான் அவித்துப் படைத்தேன். "அம்மே, பகவதி, எனக்க பிள்ளைக்க தலையில ஏறின கோணல் புத்தியை எடுத்திரு. அவ எனக்கு மட்டும் பிள்ளையா இருக்கணும்" என்று கண்ணீரோடு கும்பிட்டேன். மனசார வேண்டினேன், அதுதான் பாவம்.

அம்மன் செய்யட்டும் என்று விட்டேனா? அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் ஓரகத்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம், வயிறு திறக்கவில்லை. அவளிடம் போய், "உனக்கு ஒண்ணு வேணும்னா பெத்துக்கோ. எனக்க பிள்ளையை விட்டிரு" என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். ஒரு மாதத்தில் கொழுந்தன் அடுத்த தெருவில் வீடு பார்த்துப் போய்விட்டார். மகளிடம், அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று சொன்னேன்.

அடுத்த நோன்புக்கு மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பிடித்ததைப் பார்த்துப் பார்த்து அதே போலப் பிடித்தாள். "அம்மா, இது சரியா?" என்றாள். நேர்ச்சை பலித்தது என்று உள்ளுக்குள் குளிர்ந்து போனேன்.

அந்தக் குளிர்ச்சி அதிக நாள் நிற்கவில்லை. பூக் கட்டினால் "இது சரியா?" கோலப்பொடி எடுத்தால் "எந்தக் கோலம் போட?" பாவாடைக்கு எந்தச் சட்டை என்று கூட என்னிடம் கேட்டாள். ஒருநாள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா கூப்பிட்டு அனுப்பினாள். கண்ட காட்சி ஒன்றை உங்கள் மனம்போல எழுதுங்கள் என்று பரீட்சையில் கேட்டிருக்கிறார்கள். மகள் வெறும் தாளைக் கொடுத்திருக்கிறாள்.

"ஏன்ட்டி எழுதல்ல?"

"என்ன எழுதணும்னு டீச்சர் சொல்லல்லயே அம்மா. தப்பாப் போயிட்டா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கேட்டதை அம்மன் அப்படியே கொடுத்துவிட்டாள். பிள்ளை என்னிடம் இருக்கிறாள். பிள்ளைக்குள்ளே இருந்தவளைக் காணவில்லை.

நானே சரிசெய்துவிடலாம் என்று பார்த்தேன். அப்பம் சுடப் பிசைந்த மாவில் ஒரு பிடி கொடுத்து, "உனக்குத் தோணினதைச் செய்யி" என்றேன். ஏதோ நீளமாக உருட்டினாள். "இது என்னட்டி?" என்று கேட்டேன். சட்டென்று கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். "தப்பாம்மா?"

மண்டைக்காட்டுக்குப் போய், நேர்ந்ததைத் திருப்பிக் கேட்க ஒரு நேர்ச்சை உண்டா என்று பூசாரியிடம் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திருநீறு தந்தார். வேறு வழி இல்லாமல் ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். அவள் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

"பிள்ளையை உன்கிட்ட அனுப்புகேன்" என்றேன்.

"எதுக்காக்கும்? கோணல் புத்தி போயாச்சுல்லா?"

"உனக்கு ஆரு சொன்னா?"

"நீங்க அம்மன்கிட்ட ரகசியமா பேசினீங்களாக்கும்! பக்கத்து அடுப்புல அப்பம் அவிச்சவ வந்து ஊரெல்லாம் சொல்லியாச்சு."

அழுதுவிட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அக்கா, நான் அவளுக்கு ஒண்ணும் படிச்சுக் குடுக்கல்ல. எனக்குத் தெரியாது, அதனால கேட்டேன். நீங்க பதிலைக் கையில வச்சுக்கிட்டுல்லா கேக்குதியோ. பிள்ளைக்குத் தெரியாதா?"

மறுநாளிலிருந்து மகளை அனுப்பினேன். முதலில் போகவே பயந்தாள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அங்கே விட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் அந்த வீட்டுக்குள்ளிருந்து மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பழைய சிரிப்பு. அம்மனுக்குக் கைகூப்பினேன். கூப்பிய கையோடேயே வயிறு எரிந்தது. பொறாமை போகவில்லை, அதை வைத்துக்கொண்டேதான் தினமும் அனுப்பினேன்.

எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் மகள் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர் ஆனாள். களிமண்ணைக் கொடுத்து, காற்றைச் செய், இடியைச் செய் என்று பிள்ளைகளிடம் கேட்பாளாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போக மாட்டோம் என்று நிற்குமாம். பள்ளிக்கூட விழாவுக்கு நானும் ஓரகத்தியும் போனோம். தலைமை டீச்சர் எல்லார் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்தி, இப்படி யோசிக்கிற பெண்ணை வளர்த்த தாய் இவர் என்று சொல்லிப் பூச்சரம் தந்தார்.

"நான் இல்லை, இவள்" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். நான் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்து ஓரகத்தி, "ஆமா டீச்சர், அக்காவுக்க வளர்ப்பாக்கும்" என்றாள். குத்தலாகச் சொன்னாளா என்று அவள் முகத்தில் தேடினேன். குத்தல் இல்லை. மகள் மட்டும் என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பெண்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். "பிள்ளையிடம் கேட்க வேண்டும், பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது" என்று நானே கண்டுபிடித்தது போலச் சொல்லியிருக்கிறேன். இனி அந்தப் பொய் என் வாயில் வேண்டாம்.

வாசிக்கிற பெண்களே, இதை உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது, பாவம் பெற்ற மனசு என்று எனக்காக ஒரு வரி சேர்க்காதீர்கள். ஓரகத்தியிடம் நான் சொன்ன அந்த வார்த்தையை மெதுவாக்கிச் சொல்லாதீர்கள். ஊருக்கு வந்தால் மகள் இன்றும் முதலில் அடுத்த தெருவுக்குத்தான் போகிறாள், எனக்கு இன்றும் எரிகிறது. அதையும் விட்டுவிடாமல், இருக்கிறபடியே சொல்லுங்கள்.