பல்லவிக்குத் திரும்பும் இடம்

அந்த வெளிநாட்டு ஓட்டலுக்கு ஆள் எடுக்க வந்தவர் பெட்டிக்காரரை வாசித்துக் காட்டச் சொல்லவே இல்லை. நிற்க வைத்து ஒரு போட்டோ, உட்கார வைத்து ஒரு போட்டோ. கோட்டுக்கு அளவு, ஷூவுக்கு அளவு. கடைசியில் கையை நீட்டச் சொல்லி விரல்களை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், வேலை உறுதி. பியானோக்காரர். முதல் பத்து நாள் பழகிப் பார்ப்பது, அதன்பிறகு இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து.

வேறு யாருக்காவது என்றால் அப்போதே உள்ளுக்குள் உறுத்தியிருக்கும். நம் பெட்டிக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. "பாத்தியா, வாசிச்சுக் காட்டுங்கன்னு கேக்கக்கூட அந்த மனுஷனுக்குக் கூச்சம். நம்ம பேரு அவ்வளவு தூரம் போயிருக்கு" என்று மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார். ஆர்மோனியப் பெட்டியில் தொடங்கியதால் மெல்லிசைக் குழுவில் அவருக்கு அந்தப் பட்டம். கீபோர்டுக்கு மாறி இருபது வருடம் ஆகியும் பட்டம் மாறவில்லை. அந்தக் குழுவின் பாடகிதான் அவர் மனைவி. அவள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. மச்சினன் சும்மா இருப்பானா? தெருமுனையில் அவர் படம் போட்டு பேனரே வைத்துவிட்டான்.

வந்து இறங்கிய மறுநாள் மதியம், புதுக்கோட்டு கழுத்தை அறுக்க, ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் போய் நின்றார். கண்ணாடிக் கூரை, பளிங்குத் தரை, நடுவில் கருகருவென்று ஒரு பெரிய பியானோ. அவர் வாழ்நாளில் அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. ஓட்டல் மேனேஜர் ஒரு பெண்மணி. சிரித்த முகம், அளந்து வைத்த பேச்சு. கையிலிருந்த சின்னக் கருவியில் எதையோ அமுக்கினாள். பியானோ தானாகப் பாடத் தொடங்கியது. கட்டைகள் தாமாக இறங்கின, ஏறின.

மேனேஜர் ஏதோ சொன்னாள். பாஷை தெரியும் என்பதற்காகக் கூட வந்திருந்த இஸ்திரித் தம்பி அதைத் தமிழில் சொல்லுமுன் இரண்டு முறை தொண்டையைச் செருமினான். ஓட்டலின் சலவைப் பிரிவில் இருப்பவன் அவன். இவருடைய அறைத்தோழனும் அவன்தான்.

"அண்ணே, அதுவே வாசிச்சுக்குமாம். நீங்க முன்னாடி உக்காந்து கையை மட்டும் கட்டை மேல ஓட்டணுமாம். ஆளில்லாம அது பாட்டுக்கு வாசிச்சா வர்றவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்காம்."

பெட்டிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் வாசிப்பேன்னு சொல்லு" என்றார்.

"சொல்லிட்டேண்ணே. அதெல்லாம் வேண்டாமாம்."

உட்கார்ந்தார். வேறென்ன செய்வது? இரண்டாம் நாள் பொறுக்க மாட்டாமல் நான்கு கட்டைகளை நிஜமாகவே அழுத்திவிட்டார். இயந்திரத்தின் சத்தமும் அவர் சத்தமும் முட்டிக்கொண்டு நாராசமாக ஒரு ஒலி எழுந்தது. காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மேனேஜர் அதே சிரித்த முகத்தோடு வந்து, அவர் மணிக்கட்டைக் கட்டையிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்தி வைத்துவிட்டுப் போனாள். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. அடப்பாவிகளா, ஒரு பொம்மையை வாங்கி வைத்திருந்தால் ஆகாதா? கோட்டுக்கு அளவெடுத்த செலவாவது மிஞ்சியிருக்கும்!

தங்கும் அறை ஓட்டலுக்குப் பின்தெருவில், மூன்றாவது மாடியில். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். தெருவில் இறங்கினால் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கடைக்காரன்கூடப் பேசுவதில்லை, விலையை எழுதியிருந்த அட்டையைக் காட்டினான். கீபோர்டை ஊரில் மச்சினனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். விரல்கள் சும்மா இருக்குமா? தம்பி சொந்தத் துணிக்கு வைத்திருந்த இஸ்திரிப் பலகைமேல் வாசிக்கத் தொடங்கின.

"சத்தமே வரலையேண்ணே" என்று சிரித்தான் தம்பி.

"அங்க மட்டும் வருதாக்கும்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

மனைவி தினமும் ராத்திரி போன் செய்வாள். "ஏங்க, வாசிச்சதை ஒண்ணு புடிச்சு அனுப்புங்களேன். அக்கம்பக்கத்துல கேட்டு உயிரை எடுக்கிறாங்க." இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். வாய் வரைக்கும் வரும். பேனர் ஞாபகம் வந்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒன்பதாம் நாள் அந்தப் பியானோவின் பட்டியலில் ஒரு தமிழ்ப்பாட்டு வந்து விழுந்தது. பெயர் வேண்டாம், சொன்னால் நீங்களும் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அவர்கள் குழு கச்சேரியைத் தொடங்கும் அதே பாட்டு. அன்று தம்பி தூணுக்குப் பக்கத்தில் நின்று அதைப் போனில் பிடித்துக் கொடுத்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் பெட்டிக்காரர் எப்போதும் ஒரு நூல் பிந்துவார். பதினேழு வருடமாக அதற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். "அந்த இடத்துல மட்டும் தூங்கிடுவீங்களா?" என்பாள். அவர் தூங்கவில்லை. அந்த நீளமான சரணத்தை முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கும். அவள் மூச்சை இழுத்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார். அதை வாயைத் திறந்து சொன்னதில்லை. சொன்னால், எனக்கா மூச்சு பத்தலை என்று சண்டைக்கு வருவாள்.

"தம்பி, அவளுக்குப் பாம்புச் செவி" என்றார் அன்று அறையில். "ரெண்டு வரி கேட்டாப் போதும், இது நானில்லைன்னு கண்டுபிடிச்சிடுவா. யாருங்க வாசிச்சதுன்னு கேட்டாள்னா, நடந்ததைச் சொல்லிட்டுக் கிளம்பிடுவேன். நாளைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கேக்கலைன்னா?"

"கேப்பா."

அனுப்பினார். பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டின் நீளம் நான்கரை நிமிடம். ஆறாவது நிமிடம் போன் அடித்தது.

"ஏங்க!" அவள் குரல் கம்மியிருந்தது. "கேட்டேங்க."

"ம்."

"பல்லவிக்குத் திரும்புற இடம்..."

கேளடி, கேட்டுவிடு என்று அவர் உள்ளுக்குள் கெஞ்சினார். தம்பி மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

"எவ்வளவு கச்சிதமா விழுது! இத்தனை வருஷமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன், ஒரு வழியா திருந்திட்டீங்களே! இவ்வளவு சுத்தமா நீங்க வாசிச்சு நான் கேட்டதே இல்லைங்க. எனக்கு அழுகையே வந்திடுச்சு. என் தம்பிக்கு அனுப்பிட்டேன், அவன் நம்ம குழுவில எல்லாருக்கும் போட்டுக் காட்டுறான்."

"அப்படியா" என்றார். "நல்லா இருக்கா?"

"நல்லாவா? இந்த வாசிப்பை வச்சுக்கிட்டு இங்க எதுக்குங்க கிடந்து மாரடிச்சீங்க?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவரும் இந்தப் பக்கம் சிரிக்கிற மாதிரி சத்தம் செய்தார். போனை வைத்தார். தம்பி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவர் தொடவில்லை.

மறுநாள் கையெழுத்துப் போட்டார். எந்த இடத்தில் என்று மேனேஜர் விரலால் காட்டினாள், அந்த இடத்தில் போட்டார். அவர் முகத்தில் நல்ல பாவம் இருக்கிறது, வருகிறவர்கள் நிஜமென்றே நினைக்கிறார்கள் என்று பாராட்டினாளாம். தம்பி சொன்னான்.

அதற்கடுத்த வாரம் அந்தப் பாட்டு தினமும் வந்தது. ஒரு நாள் வேலை முடிகிற நேரத்தில் மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டு ஏதோ சொல்லி அனுப்பினாள். அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணே, அந்தப் பாட்டுல ஒரு இடத்துல கட்டை முன்னாடி இறங்கிடுதாம், உங்க கை அப்புறமா இறங்குதாம். யாரோ கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்காங்க. அதைக் கொஞ்சம் சரி பண்ணிக்கச் சொன்னாங்க."

பெட்டிக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"சரி பண்ணிக்கிறேன்னு சொல்லு" என்றார்.

அன்று சாயங்காலமே இஸ்திரிப் பலகையின் முன் உட்கார்ந்தார். மனைவி பாடுவதை மனதுக்குள் கேட்டபடி, சரணம் முடிந்ததும் நிற்காமல் பல்லவியில் விரலை இறக்கிப் பழகினார். முதலில் விரல் கேட்கவில்லை, அந்த இடம் வந்ததும் தானாக நின்றது. மறுபடி, மறுபடி என்று முட்டிக்கொண்டார். நான்காவது நாள் சரியாகிவிட்டது.