அட்டை மட்டும் இருந்த புத்தகம்

மூன்று வருடங்களுக்கு முன், புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கடைசி செமஸ்டருக்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். படம் மட்டும் போதாது. அதற்கு ஒரு போஸ்டர் வேண்டும். கூடவே, படத்தில் நடித்தவர் ஒரு வாரப் பத்திரிகையின் அட்டையில் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி அட்டையும் செய்து காட்ட வேண்டும். கேமரா எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்பதால் போஸ்டர், அட்டை இரண்டும் என் தலையில் விழுந்தன.

மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டு ஊர் ஊராக மீன் விற்கும் ஒரு பெண்ணின் கதைதான் படம். கல்லூரியில் யாரை நடிக்கவைத்தாலும் வேஷம் போட்டது மாதிரியே இருந்தது. கடைசியில் மணமேல்குடியில் நிஜமாகவே அப்படி மீன் விற்கும் ஓர் அக்காவைப் பிடித்தோம். வண்டிக்குப் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆவுடையார்கோவில் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய் வருகிறவர். கேட்டதும் ஒத்துக்கொண்டார். அவருடைய ஓரகத்திதான் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்: “இந்த வயசுல கூத்தாடப் போறாளாம்!” அக்காவின் வீட்டுக்காரரோ, “என்னமும் பண்ணு, மீனு கெட்டுப்போகாமப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போய்விட்டார்.

நான் செய்த முதல் போஸ்டரை அக்கா கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார். கல்யாண பிளக்ஸ்களில் செய்கிற மாதிரி முகத்தை வெளுப்பாக்கி, நெற்றிச் சுருக்கத்தையெல்லாம் துடைத்து வைத்திருந்தேன்.

“நல்லாருக்கு. யாருத்தா இது?” என்று கேட்டார்.

அந்த போஸ்டர் அன்றைக்கே குப்பைக்குப் போனது. அடுத்ததில் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஐஸ் பெட்டியில் ஒரு கை ஊன்றி, அவர் அவராகவே நின்றார். அதே படப்பிடிப்பில் எடுத்த இன்னொரு போட்டோவை வைத்துப் பத்திரிகை அட்டையையும் முடித்தேன். ‘கரையோரத் தோழி’ என்று பத்திரிகைக்கு நாங்களே ஒரு பெயர் வைத்தோம். நிஜம் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக, ‘மனம் திறக்கும் சிறப்புப் பேட்டி உள்ளே!’ என்று போட்டேன். ஓரத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அங்கே, ‘இந்த இதழுடன் இலவசம்: மணமேல்குடி மீன் குழம்பு வகைகள்’ என்று ஒரு சிவப்பு வட்டத்தையும் ஒட்டிவைத்தேன். எனக்கே அது அவ்வளவு பிடித்துப்போனது. உடனே அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “சூப்பர்த்தா” என்று குரல் பதிவு வந்தது. அத்தோடு மறந்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன்.

“என்னத்தா, புத்தகம் எங்கிட்டும் கெடைக்க மாட்டேங்குது? இங்க பஸ் ஸ்டாண்டுல பேப்பர் விக்கிற அண்ணங்கிட்டக் கேட்டேன். எல்லாம் வித்துப்போச்சாம்! அடுத்த வாரம் வருமாம். ஆவுடையார்கோவிலுக்கும் ஆள் விட்டுக் கேட்டாச்சு, அங்க வரவே இல்லையாம். நீ ஒரு பத்து புத்தகம் எடுத்து வச்சிரு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லாத பத்திரிகை எப்படி விற்றுத் தீரும்? மெதுவாக விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அக்கா அந்த அட்டையை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். அது ஊர் முழுக்கச் சுற்றி, சிங்கப்பூரில் இருக்கும் அவர் தம்பி வரைக்கும் போய்விட்டது. தெருப் பெண்களெல்லாம் அந்த இலவசக் குழம்புப் புத்தகத்துக்காகவே கடைக்காரரைக் கேட்டுத் துளைக்கிறார்கள். ஓரகத்தி மட்டும், “போட்டோவ யாரு வேணா ஒட்டலாம், புத்தகத்தக் கையில காட்டட்டும்” என்று சொல்லித் திரிகிறாராம்.

“அவ கையில கொண்டுபோயி குடுக்கணும்த்தா. அம்புட்டுத்தான்” என்றார் அக்கா. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். போனில் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

எங்கள் நால்வரில் படத்தை இயக்கிய நண்பனிடம் சொன்னபோது அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம்தான் அவனுக்கும் விபரீதம் புரிந்தது. நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை இருவரும் அறந்தாங்கி வழியாக மணமேல்குடிக்கு பஸ் ஏறினோம். அக்காவைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம்.

தனியாவது ஒன்றாவது! நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து வீடு நிறையப் பெண்கள். பாய் விரித்திருந்தார்கள். ஓரகத்தி வாசல் தூணில் சாய்ந்துகொண்டு, எங்கள் தோள்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு குடையும்தான் இருந்தன.

எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். “வாத்தா, கை கால் கழுவலாம்” என்று என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். குழாயடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அது வெறும் மாதிரி அட்டை, மார்க்குக்காகச் செய்தது, அப்படி ஒரு பத்திரிகையே கிடையாது.

அக்கா குழாயை மூடவே இல்லை. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

“அப்ப பேட்டியும் இல்லையா?”

“இல்லக்கா.”

“உள்ள பேட்டின்னு போட்டிருந்துச்சே. எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலையேன்னு நானும் நெனச்சேன். படிச்ச புள்ளைக, நீங்களா என்னமும் எழுதிப் போட்டிருப்பீகன்னு விட்டுட்டேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்பக்கம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“இந்தா, எல்லாரும் கேளுங்க” என்றார் சத்தமாக. “புத்தகம் இன்னும் அச்சாகலையாம். அட்டை மட்டும்தான் ரெடியாம். பேட்டி எடுக்கத்தான் புள்ளைக வந்திருக்குக. கொழம்பு வகையும் ஆளுக்கு ஒண்ணு சொல்லணுமாம். யாரு மொதல்ல?”

படப்பிடிப்பில் ஒரு வரி வசனத்துக்குப் பல டேக் வாங்கிய அக்கா, இதை ஒரே டேக்கில் சொல்லி முடித்தார். என் நண்பன் வாயைப் பிளந்தான். நான் பையில் பேனாவைத் தேடினேன்.

அதற்கப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. திருக்கை மீன் குழம்புக்குப் பூண்டைத் தட்டிப் போடுவதா, முழுசாகப் போடுவதா என்று இரண்டு பேருக்குள் சண்டையே வந்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பால்சுறா புட்டைப் பற்றி ஒருவர் சொல்ல, “அவ சொல்றது தப்பு, எழுதாத” என்று இன்னொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தூணில் சாய்ந்திருந்த ஓரகத்தி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பாய்க்கு வந்து, கடைசியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “நண்டுக் கொழம்புன்னா எங்க ஆத்தா வச்சதுதான். எழுதிக்க. எம்படமும் போடுவீகளா?” என்று கேட்டார். முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து போட்டோவுக்கு நின்றார்.

எல்லாம் முடிந்த பிறகு அக்கா என் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “இப்ப எங்கிட்டக் கேளு.”

எனக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. ஒரு மாதமாக அவர் முகத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வேலை பார்த்தவள் நான். அவரிடம் கேட்க ஒரு கேள்விகூட என்னிடம் இல்லை. ஏன் நடிக்க ஒத்துக்கொண்டீர்கள் என்று ஒப்புக்கு ஆரம்பித்தேன்.

“வண்டி ஓட்டப் பழகுனப்ப யாருகிட்டயும் சொல்லலத்தா. சிரிப்பாகன்னு பயம். மத்தியானம் தெருவே தூங்குறப்ப உருட்டிக்கிட்டுப் போயி, சவுக்குத் தோப்புக்கிட்டத் தனியாப் பழகுனேன். விழுவேன், நானே எந்திரிப்பேன், மண்ணத் தட்டிட்டு வீட்டுக்கு வருவேன். ஒரு மனுசர் பாக்கல. ஒங்க படத்துல அதையே செஞ்சப்ப, விழுந்து எந்திரிச்சதும் எல்லாரும் கை தட்டுனீக. எனக்கு என்னமோ, அன்னைக்கி விழுந்ததுக்கெல்லாம் சேத்துத் தட்டுன மாதிரி இருந்துச்சு.”

பக்கத்தில் இருந்த ஓரகத்தி பாயின் ஓரத்தை நிமிண்டினார். “எங்கிட்டச் சொல்லியிருந்தா வண்டியப் பிடிச்சிருப்பேன்ல” என்றார். “நீயா?” என்று அக்கா சிரிக்க, வீடே சிரித்தது.

புதுக்கோட்டை திரும்பியதும் நாங்கள் நால்வரும் சேர்ந்து உள்பக்கங்களைத் தயார் செய்தோம். பேட்டியில் நான் ஒரு வார்த்தை கூட அழகுபடுத்தவில்லை, அவர் பேச்சை அப்படியே போட்டேன். குழம்புகளோடு ஒவ்வொருவர் படமும் வந்தது. பவுடரோடு ஓரகத்திக்கு முழுப் பக்கம். கல்லூரி எதிரில் உள்ள பிரிண்டிங் கடையில் அச்சடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்தோம். மார்க் போட வேண்டிய எங்கள் மேடம், “நான் அட்டை மட்டும்தானே கேட்டேன்?” என்று புரட்டிப் பார்த்தார். திருப்பித் தரவில்லை, பால்சுறா புட்டு செய்து பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். படத்தைத் திரையிட்ட நாளில் மணமேல்குடிப் பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அக்கா வண்டியிலிருந்து விழும் காட்சியில் முதல் கைதட்டல் ஓரகத்தியுடையது.

அதற்கடுத்த வாரம் மணமேல்குடி பஸ் ஸ்டாண்டு கடைக்கு அக்காவோடு நானும் போனேன். அக்கா ஒரு புத்தகத்தை நீட்டினார். கடைக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“நாந்தான் சொன்னேன்ல, அடுத்த லாட்டுல வரும்னு.”

அக்கா வண்டியை எடுக்கப் போன பிறகு, அவரிடம் ரகசியமாகக் கேட்டேன், ஏன் விற்றுப்போச்சு என்று சொன்னீர்கள் என்று.

“அந்தம்மா போனை நீட்டி, இது நாந்தேன்னு சொல்லிக் கேட்டுச்சும்மா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல” என்றவர், புத்தகத்தைக் கிளிப் போட்டுக் கடையின் முன்னால் மாட்டினார்.

இப்போது புதுக்கோட்டையிலேயே ஒரு டிசைன் கடையில் வேலை பார்க்கிறேன். தினமும் யாராவது ஒருவர் முகம் என் கணினிக்கு வருகிறது. அவர்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஏதாவது ஒரு கேள்வி கேட்ட பிறகுதான் மவுஸைத் தொடுகிறேன். முகத்தை எப்படி வேண்டுமானாலும் அழகாக்கிவிடலாம், ஆனால் கேட்டால் ஒழிய அந்த மனிதர் அதற்குள் வருவதில்லை என்பதை, மணமேல்குடியில் அந்த மத்தியானம் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்த அக்காதான் புரியவைத்தார்.