செல்லக்கனி போட்ட குலவை

என் நாத்தனார் செல்லக்கனி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையத்துப் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனவள். பஞ்சைச் சீவுகிற கார்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் அவளுக்கு வேலை. ஒரே தூசி. ஞாயிறு லீவில் நன்றாகத்தான் இருப்பாள். திங்கட்கிழமை மில்லுக்குள் போனதும் நெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

“நேத்துக் கறிச்சோறு தின்ன மப்பு, வேறென்ன?” என்பார் மேஸ்திரி ரத்தினம்.

தூசி இல்லாத, நூலைக் கோனில் சுற்றும் பிரிவுக்கு மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டாள். நோய் என்று காட்டினால்தான் மாற்றுவார்களாம். நெஞ்சுக்குள் இருப்பதை எதை வைத்துக் காட்டுவது?

தொண்ணூற்று மூன்றோ நான்கோ இருக்கும், மில்லில் வேலை செய்பவர்களின் மூச்சைப் பரிசோதிக்க மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செல்லக்கனி நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட்டைக் கட்டினார். அதன் வயர் இடுப்புப் பெட்டிக்குப் போனது. மூச்சு ஏறி இறங்குவதெல்லாம் பெட்டிக்குள் உள்ள கேசட்டில் பதியுமாம். திங்கட்கிழமை வேலை முடிந்துதான் கழற்றுவார்களாம்.

“அதுவரை மூச்சு வாங்குற வேலை செய்யாதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பக்கத்து ஊரான வ. புதுப்பட்டியில் அம்மனுக்குப் பொங்கல். பானை பொங்கியதுதான் தாமதம், பெல்ட்டும் பெட்டியுமாகக் குலவை போட ஆரம்பித்துவிட்டாள். மற்ற பெண்கள் நிறுத்தின பிறகும் அவள் குரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

“ஏட்டி, டாக்டரம்மா என்ன சொன்னாவ?” என்றேன்.

“குலவை என்ன வேலையா மதினி? அம்மன் முன்னால வாயப் பொத்திக்கிட்டு நிக்கச் சொல்லுதியளா?”

அவள் கேட்டது நியாயம். நானும் சேர்ந்து போட்டேன்.

பெல்ட்டைக் கழற்றி எடுத்துப் போன டாக்டரம்மா, அதற்கடுத்த திங்கட்கிழமை கேசட்டில் பதிந்ததைக் கோடாக எடுத்த நீளமான காகிதத்தோடு மில்லுக்குப் பதறிப்போய் வந்தார். “ஞாயித்துக்கிழமை மயங்கி விழுந்தீங்களா? மூச்சு இம்புட்டு நேரம் வெளியே போயிக்கிட்டே இருக்கே!”

“அது குலவைம்மா.”

டாக்டரம்மா அந்தக் காகிதத்தை மறுபடி விரித்துப் பார்த்தார். மேஸ்திரியையும் மேனேஜரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, “இப்ப ஒண்ணு போடுங்க” என்றார்.

செல்லக்கனி நாக்கைச் சுழற்றினாள். பாதியிலேயே குரல் அறுந்து இருமல் வந்துவிட்டது. டாக்டரம்மா காகிதத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையும் திங்கட்கிழமைக் கோட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதலாவது நிதானமாக மூச்சுவிட்டு நடந்தது, மற்றது நொண்டியது.

அந்த வாரமே அவளைக் கோன் சுற்றப் போட்டார்கள். அங்கே போன முதல் திங்கட்கிழமை காலையில் பேச ஆரம்பித்தவள் ஷிப்ட் முடியும்வரை நிறுத்தவில்லை.

“ஏட்டி செல்லக்கனி, எங்களையும் செத்த மூச்சு விட விடு!” என்று பக்கத்து மெஷின் பரிபூரணம் கையெடுத்துக் கும்பிட்டாளாம்.