டிராயர் சாவியோடு எழுதிய பரீட்சை

துறைத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் என்னிடம் வந்து, "சார், பொது நிர்வாகத்துல எப்படி அவ்ளோ மார்க் வாங்குனீங்க?" என்று கேட்கிறார்கள். நான்காம் தாளில் நான் வாங்கிய மதிப்பெண் எங்கள் அலுவலகத்தில் இன்னும் பேச்சாக இருக்கிறது. அதை வாங்கிய விதத்தை ஒருமுறை எழுதிவைத்துவிடுகிறேன். படித்த பிறகு யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

1. கப்பலேறிப்போன அரசாங்கம்

நான் முதலில் படித்தது பிரெஞ்சு நிர்வாகச் சட்டம். புதுச்சேரியில் அப்போது அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரி இருந்தது. எந்த அதிகாரிக்கு மேல் எந்த அதிகாரி, யார் யாருக்குக் கடிதம் எழுதலாம், யார் எழுதக்கூடாது என்பதையெல்லாம் மனப்பாடம் செய்து ஒருவழியாகத் தேறினேன். ஐம்பத்து நாலில் கொடி மாறியது. நான் படித்த அரசாங்கம் கப்பலேறிப் போய்விட்டது. புத்தகங்கள் மட்டும் தங்கின; அவற்றைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை.

எனக்கு எத்தா சிவிலில் குமாஸ்தா வேலை. பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் பதிவுசெய்யும் அலுவலகத்தை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சட்டம் பழையது, அதிகாரி புதியவர் என்று ஓடிக்கொண்டிருந்த காலம். நகல்கள் பிரெஞ்சில் போகும், கடிதங்கள் ஆங்கிலத்தில் போகும், வசவு மட்டும் தமிழில் வரும்.

மேலே போக இந்தியப் பட்டம் வேண்டும் என்றார்கள். சென்னைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில், அரசியல் விஞ்ஞானமும் பொது நிர்வாகமும் எடுத்து, தனித்தேர்வராக எம்.ஏ.வுக்குப் பதிந்துகொண்டேன். படிக்க நேரம்? பதிவேட்டை விரித்து, அதற்குள் பாடப்புத்தகத்தை வைத்துக்கொள்வேன். தூரத்திலிருந்து பார்த்தால் என்னைப்போல் வேலை செய்கிறவன் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

2. "திங்கக்கிழம வாம்மா"

செங்கேணி கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்கும் பெண். அவருடைய மகள் அஞ்சலை பிறந்தது உப்பளத்துப் பக்கம், தாய்வீட்டில். பிறந்ததை யாரும் பதியவில்லை. பதினேழு வருடம் அதனால் ஒரு குறையும் இல்லை. இப்போது அஞ்சலைக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைக்கும் நிலை. பிறப்புப் பதிவின் நகலோடு புதன்கிழமை மாலைக்குள் நேரில் வரவேண்டும். வயது வரம்பு இருந்ததால் அடுத்த வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த முறை சேரவில்லையென்றால் கல்யாணம்தான் என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி, அதை எங்கள் ஏட்டில் ஏற்ற நான்கு மாதம் அலைந்திருந்தார்கள். சனிக்கிழமை நகல் தயார். கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆகிவிட்டது. பட்டுவாடா ஏட்டில் ஒரு வரி எழுதி, கைநாட்டு வாங்கிக் கொடுத்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

"சாமி, ரெடின்னு சொன்னாங்களே?" என்று செங்கேணி மேசையருகே வந்து நின்றார்.

நான் அப்போது பதிவேட்டுக்குள் ஒரு முக்கியமான அத்தியாயத்தில் இருந்தேன். தலையைத் தூக்காமல், "திங்கக்கிழம வாம்மா" என்றேன்.

"புதங்கெழமதான் சாமி கடைசி நாளு."

"அதான் திங்கக்கிழமயே வரச் சொல்றேன்ல?"

நகலை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் அலுவலகத்தில் அவரவர் டிராயருக்கு அவரவர்தான் ராஜா. சாவி வீட்டுக்குப் போகும். திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பரீட்சை விடுப்பு என்பது நினைவில் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் "திங்கக்கிழம வாம்மா" என்பது நினைவிலிருந்து வரும் வாக்கியமல்ல. நாலு வருடம் குமாஸ்தாவாக இருந்தால் அது தானாகவே வாயில் வந்துவிடும்.

3. நான்காம் தாள்

புதன்கிழமை பிற்பகல். "நிர்வாகத்தில் தாமதம்: காரணங்களும் களையும் வழிகளும்" என்று முதல் கேள்வி. எனக்குக் கை துறுதுறுத்தது. அந்த அத்தியாயத்தைத்தான் சனிக்கிழமை படித்திருந்தேன்.

மின்விசிறிக் காற்றில் கேள்வித்தாள் பறந்தது. சட்டைப்பையில் கனமாக ஏதோ இருந்தது. எடுத்து அதன்மேல் வைத்தேன். டிராயர் சாவி. அதைப் பார்த்தபடி பதினோரு பக்கம் எழுதினேன். பொறுப்பைப் பகிர்ந்தளிக்காத ஊழியனே தாமதத்தின் மூலகாரணம் என்று ஒரு பத்தி வரும். அதைப் படித்தால் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

4. ஒரு பூட்டுக்கு ஒரு ஃபைல்

விடுப்பு முடிந்து வந்தேன். தலைமைக் குமாஸ்தா முசியே அந்துவான் என்னைக் கூப்பிட்டார். பிரெஞ்சுக் காலத்திலிருந்தே அதே நாற்காலியில் இருப்பவர்; 'சார்' என்பதற்கு அவரிடம் இன்னும் 'முசியே'தான்.

"வா முசியே. ஒன் டிராயருக்கு ஒரு ஃபைல் போட்டிருக்கோம்."

நிஜமாகவே ஃபைல் இருந்தது. தடிமனாக.

"அந்தம்மாவும் பொண்ணும் மூணு நாளும் வந்தாங்க. அவுரு பரீட்ச எழுதப் போயிருக்காருன்னு சொன்னேன். வெளிய பெஞ்சுல ஒக்காந்துகினே இருந்தாங்க. நான் இன்னா பண்ணட்டும்? பூட்ட ஒடைக்கணும்னா ப்ரொசே வெர்பால்னு ஒரு அறிக்க எழுதி, ரெண்டு சாட்சி வெச்சி, மேலருந்து உத்தரவு வாங்கணும். கேட்டா, சூப்பரின்டெண்ட் மெட்ராஸ்காரரு, பிரெஞ்சுக்காரன் வெச்ச பூட்ட எந்த ரூல்ல ஒடைக்கறதுன்னு எனுக்கே திருப்பி எழுதறாரு."

"இன்னொரு நகல் எழுதிக் குடுத்திருக்கலாமே முசியே. ஏடு வெளியதானே இருந்துச்சு?"

"கையெழுத்தான நகல் உள்ள இருக்கசொல்ல இன்னொண்ணா? ஒரே பொண்ணு ரெண்டு தபா பொறந்துதான்னு தணிக்கையில கேட்டா, நீ வந்து பதில் சொல்லுவியா?"

ஃபைலைப் புரட்டினேன். பாடம் அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஃபைலின் கடைசிக் கடிதம் அன்று காலையில்தான் வந்திருந்தது: பூட்டை உடைக்கலாம், உடைப்பதற்கு முன் சாவி வைத்திருப்பவரின் விளக்கத்தைப் பெறவும்.

டிராயரைத் திறந்தேன். நகல் புத்தம்புதிதாக, ஒரு மடிப்பு இல்லாமல் கிடந்தது.

கனகசெட்டிக்குளத்துக்குப் பஸ் இருந்தது. நான் போகவில்லை; பதிவுத் தபாலில் அனுப்பினேன். மேலே ஒரு கடிதம்: தங்கள் தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும். அதையும் ஆங்கிலத்தில் எழுதினேன். வருந்துகிறேன் என்ற சொல் எங்கள் படிவத்தில் இல்லை என்பதை ஒரு காரணமாக அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

5. தேர்வு முடிவு

அறுபத்திரண்டு வாக்கில், டவுன் மார்க்கெட்டில் மத்தி வாங்கிக்கொண்டிருந்தேன். கூடைக்குப் பின்னாலிருந்த பெண் என்னையே பார்த்தாள்.

"சார், நீங்க எத்தா சிவில் சாருதானே? நான் அஞ்சல. கனகசெட்டிக்குளம்."

ஓடுவதற்கு வழியில்லை, கையில் பை, காலடியில் மீன்தண்ணீர்.

"அந்தப் பரீட்ச பாஸாயிட்டீங்களா சார்?"

கேலி இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு அம்மா ஒங்கள ஒரே திட்டு. நான்தான் சொன்னேன், அவுரும் நம்பளாட்டம் ஒரு பேப்பருக்குத்தாம்மா அலையறாருன்னு."

நான்காம் தாளில் அந்த வருடம் நான்தான் முதல்.

"இல்லம்மா," என்றேன். "பெயிலாயிட்டேன்."

"அடப் பாவமே." உண்மையாகவே வருத்தப்பட்டாள். "மனச உட்டுடாதீங்க சார். அடுத்த தபா எழுதுங்க. ஒங்களுக்கு இன்னா, எனுக்காட்டம் வயசு வரம்பா இருக்குது?"

இரண்டு மத்தியைக் கூடுதலாக அள்ளிப் போட்டாள். வாங்கிக்கொண்டேன்.

கேட்க வரும் இளைஞர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். விடுப்பில் போகும்போது டிராயர் சாவியைப் பக்கத்து மேசையில் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்தத் தாளிலும் இதைக் கேட்கமாட்டார்கள்.