ஃபர்னஸுக்குள் திருநீறு

அன்றைக்குச் சரவணம்பட்டிப் பட்டறையில் இருந்தவர்கள் நாலு பேர்: முதலாளி பழனிசாமி அண்ணன், அவர் சம்சாரம் ஈஸ்வரியக்கா, புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பெண் கார்த்திகா, சிங்கப்பூரிலிருந்து மெஷினோடு வந்த நான். ஷூவுக்கு மேலே மாட்டும் நீல உறைகளை வாசலில் நீட்டினேன். மூவரும் கோயிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்கள். சொந்த ஊரில் நான் மட்டும் ஷூவோடு நின்றேன்.

எட்டாவதோடு பள்ளியை விட்டு, சிங்காநல்லூரில் இதே அண்ணனிடம் லேத் ஓட்டியவன் நான். இப்போது சிங்கப்பூரில் கண்ணாடி அச்சடிக்கிறேன். கண்ணாடித்தூள் கலந்த பிசினை மெஷின் ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கிக் கடுகளவு லென்ஸாக்கும். ஃபர்னஸில் சுட்டால் பிசின் எரிந்து கண்ணாடி மட்டும் மிஞ்சும். கை வேர்வை பட்டால்கூட வெளுத்துப்போகும் என்பார்கள். அங்கே தூசி புகாத கிளீன் ரூம் வாசலில் தினமும் என் நெற்றித் திருநீற்றை ஈரக் காகிதத்தால் துடைத்த பிறகே உள்ளே விடுவார்கள். சூப்பர்வைசர் லிம்மும் சாமிக்கு ஊதுபத்தி கொளுத்துகிறவர்தான். ஆனால் கட்டடத்துக்கு வெளியே. கோவையில் அண்ணன் பட்டறைக்குக் கம்பெனி கொடுக்கும் மெஷினில் முதல் ஈடு லென்ஸ் தெளிவாக வந்தால்தான் உன் வேலை பெர்மிட் புதுப்பிக்கப்படும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அதனால் பூசை வாசலோடு நிற்கட்டும் என்று கெஞ்சினேன்.

"லேத்துக்குப் பொட்டு வெக்காம ஒரு நாளாச்சும் சுச்சு போட்டிருப்பியா கண்ணு? இப்ப சாமியே உங்கிட்டப் பாஸ் வாங்கோணுமாக்கும்," என்றார் அண்ணன். கார்த்திகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஆனாலும் கற்பூரத்தை வாசலிலேயே காட்டினார்கள். நான்தான் பயத்தில் லென்ஸ் ட்ரேயை ஃபர்னஸில் வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தேன். போய் டீ குடித்துவிட்டு வா என்று துரத்தினார்கள். வந்ததும் ஃபர்னஸை மூடி ஓட்டினோம்.

சூடு ஆறித் திறந்தபோது லென்ஸெல்லாம் நொய்யரிசிபோல வெளுத்துக் கிடந்தன. ஈஸ்வரியக்கா மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"நீ பயந்துட்டே இருந்தியே கண்ணு. டீக்குப் போனப்ப, உனக்காவத்தான் உள்ளாற ஆனைமலை அம்மன் திருநீறு துளி வெச்சேன்."

உள்ளே யாராவது கை வைத்தார்களா என்று லிம் ஃபோனில் கேட்டார். அக்கா பெயரைச் சொன்னால் மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நான்தான் வெறுங்கையால் தொட்டுவிட்டேன் என்றேன். யாராவது மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அண்ணன் எட்டி வந்து ஃபோனில் வாய் வைத்து, "யெஸ் சார், ஹிஸ் மிஸ்டேக்," என்றார். வெளிநாட்டில் பிழைப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: அங்கே நாம் ஊர்க்காரர், ஊரில் நாம் வெளிநாட்டுக்காரர்.

கிளம்பும்போது அக்கா அழுதுகொண்டே அதே திருநீற்றைப் பூசிவிட்டார். லேத்துக்கு ஆள் இருக்கிறது என்று அண்ணன், நான் கேட்காமலே சொன்னார்.

பெர்மிட் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. சிங்கப்பூர் திரும்பியதும் கிளீன் ரூம் வாசலில் லிம் ஈரக் காகிதத்தை நீட்டினார். அதைக் கையில் வாங்கி, நெற்றித் திருநீற்றைத் துடைக்காமல், ஒரு காலில் மட்டும் நீல உறையை மாட்டிக்கொண்டு நின்றேன்.