கரிக்கடை அக்கா சேர்த்த கணக்கு

அறுபதுகளின் நடுவில் பம்பாய் மாதுங்காவில் ஒரு சிக்கன சங்கத்துக்கு நான் ஏஜெண்டாக இருந்தேன். ஏதோ பெரிய உத்தியோகம் போல ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டேனே தவிர, கடை கடையாக ஏறி, மாதம் ஒரு ரூபாயாவது போடுங்கள் என்று கெஞ்சுகிற வேலைதான். பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி என்னைப் பேசவிட்டார்கள். செம்பூரில் ஒரு தொழிற்சாலை மேனேஜர், சேருகிறவர்களுக்குச் சம்பளத்திலேயே பிடித்துத் தர ஒப்புக்கொண்டார். சிக்கனத்தைப் பற்றி நான் பேசிய பேச்சில் எனக்கே கண் கலங்கியது. பேசி முடித்த கையோடு இரானி ஓட்டலுக்குப் போய் வெண்ணெய் வழியும் மஸ்கா பன்னும் இரண்டு சாயும் சாப்பிடுவேன்.

இவ்வளவு முழக்கத்துக்கும் சேர்ந்தவர்கள் இருபத்துநாலு பேர். சனிக்கிழமைக்குள் இன்னும் ஒருவரையாவது சேர்க்காவிட்டால் சங்கத்து வசூல் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். என் ரூம் வாடகையே அந்தப் பையில்தான் இருந்தது. பயந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை தாராவியில் ஒரு கரிக்கடைக்குப் போனேன். நடத்தியவர் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர். கரியை நிறுத்துக்கொண்டே என் பேச்சு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாஞ் சரி தம்பி. ஒங்க புஸ்தகத்தக் கொஞ்சம் காட்டுங்க, பாப்போம்."

எனக்குச் சங்கத்துப் பாஸ் புஸ்தகமே கிடையாது. ஊரைக் கூட்டிச் சேர்த்தவன் எனக்கென்று ஒரு கணக்கு தொடங்கியிருக்கவில்லை. ரூமில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று கூசாமல் புளுகினேன்.

மறுநாள் காலை ரூமில் கூட இருந்தவனிடம் பத்து ரூபாய் கடன் வாங்கிக்கொண்டு சங்கத்துக்கு ஓடினேன். கடன் வாங்கிச் சேமித்த மகானுபாவன் அந்தச் சங்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏஜெண்டின் சொந்தக் கணக்கு எண்ணிக்கையில் சேராது, கமிஷனும் கிடையாது என்று சொல்லிச் சிரித்தார் குமாஸ்தா. புதுப் புஸ்தகத்தைப் பழசாகக் காட்ட வழியெல்லாம் கசக்கிக்கொண்டே தாராவிக்கு நடந்தேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு புஸ்தகத்தைப் பிரித்தார்.

"ஒத்த வரிதான் இருக்கு. அதுவும் இன்னைக்குத் தேதி."

அவமானத்தில் காது சுட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று கடன் வாங்கியதுவரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவர் திட்டவில்லை. ஓர் ஆளைச் சேர்த்தால் ஏஜெண்டுக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். எட்டணா என்றேன்.

"அப்ப அத எடுங்க. ஒங்களச் சேத்துவிட்டது நாந்தான?"

சட்டைப் பையைத் துழாவி எட்டணாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் கல்லாவிலிருந்து இன்னோர் எட்டணாவை எடுத்தார். இரண்டையும் சேர்த்து ஒரு ரூபாயாக என் கையிலேயே வைத்தார்.

"இத எம் பேர்ல போடுங்க. என்னையச் சேத்ததுக்கு ஒங்களுக்கு எட்டணா வந்துரும்லா? கணக்கு சரியாப் போச்சு."

இருபத்தைந்து ஆயிற்று, வேலை தப்பியது. அன்று சங்கத்துக்கு ஆள் சேர்த்த ஏஜெண்டு அவர்தான். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தது மட்டும் நான்.